சார்ஜிங் போர்ட் போன ஃபோனிலிருந்து 41 ஜிபியை வைஃபை வழியாகவே கணினிக்கு எடுப்பது எப்படி?

முல்லைக்கொடி எழுதியது:

வணக்கம். என் ஆண்ட்ராய்டு ஃபோனின் சார்ஜிங் போர்ட் கெட்டுவிட்டது. வயர்லெஸ் சார்ஜர் இருப்பதால் ஃபோன் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் கேபிள் போட்டால் கணினி கண்டுகொள்வதே இல்லை. பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, ரீசெட் செய்துதான் கொடுக்கவேண்டுமாம். மொத்தம் 41 ஜிபி இருக்கிறது. பையன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், வீடியோக்கள், அப்புறம் போன வருடம் தவறிப்போன எங்கள் பாட்டியின் குரல். இதில் ஒன்றைக்கூட நான் இழக்க முடியாது.

புளூடூத்தில் முயன்றேன். 1.2 ஜிபி உள்ள ஒரே ஒரு வீடியோ, ஒன்றரை மணி நேரம் ஓடி முக்கால்வாசியில் நின்றுவிட்டது. மறுபடி அனுப்பினால் முதலிலிருந்து தொடங்குகிறது. கணினி விண்டோஸ் 11, ரவுட்டரில் நேரடியாகக் கேபிள் போட்டு இணைத்திருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

ஈதரலை எழுதியது:

முதலில் புளூடூத்தை நிறுத்துங்கள். உங்கள் ஃபோனில் கோளாறு எதுவும் இல்லை, புளூடூத்தில் கோப்பு அனுப்பினால் அதன் வேகமே அவ்வளவுதான். காகிதத்தில் நொடிக்கு 3 மெகாபிட், நடைமுறையில் 2 கிடைத்தால் பெரிது. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே நொடிக்குக் கால் எம்பி என்று வையுங்கள். 41 ஜிபிக்கு நிற்காமல் ஓடினாலும் 45 மணி நேரம்.

ஆப்பிளின் ஏர்டிராப், கூகுளின் குவிக் ஷேர் மாதிரியான கோப்பு அனுப்பும் வசதிகள் புளூடூத்தில்தானே போகின்றன, அவை மட்டும் எப்படி வேகமாக இருக்கின்றன என்று சிலர் கேட்பார்கள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடுவதற்கு மட்டும்தான் அங்கே புளூடூத். கைகுலுக்கி முடித்ததும் கோப்பு வைஃபைக்கு மாறிவிடும்.

வானவில்7 எழுதியது:

கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டுக் கணினியில் இறக்கிக்கொள்ளலாமே? எளிதான வழி.

ஈதரலை எழுதியது:

@வானவில்7 இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் கூகுள் ஃபோட்டோஸும் சேர்ந்துதான் பங்குபோட்டுக்கொள்கின்றன. 41 ஜிபிக்குப் பணம் கட்டவேண்டும். அது போகட்டும், ஒரே அறையில் இரண்டு அடி தள்ளி இருக்கிற கணினிக்குப் போகவேண்டிய கோப்பை எங்கேயோ இருக்கிற சர்வர் வரைக்கும் அனுப்பித் திரும்ப வரவழைப்பது வீண் அலைச்சல். பல இணைப்புகளில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிட மிகக் குறைவு. 20 மெகாபிட் கிடைத்தால்கூட ஏற்றுவதற்கே நாலரை மணி நேரம் ஆகும்.

எந்தச் செயலி நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கோப்பு எந்த வழியாகப் போகிறது என்பதுதான் முக்கியம். ஃபோனிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து கணினி, அவ்வளவு போதும். இணையமே தேவையில்லை. ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியைப் பிடுங்கி வைத்தாலும் வேலை நடக்கும்.

தூக்கணாங்குருவி எழுதியது:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். நான் தினமும் பயன்படுத்துவது லோக்கல்சென்ட் என்ற செயலி. இலவசம், திறமூலம், விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. இரண்டு கருவியிலும் நிறுவி, ஒரே வைஃபையில் வைத்துத் திறந்தால் ஒன்றுக்கு ஒன்று தெரியும். ஃபோனில் கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கணினியின் பெயரைத் தொட்டால் கணினியில் ஏற்கவா என்று கேட்கும். இடையில் போகும் தரவு குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது.

ஆண்ட்ராய்டும் விண்டோஸும் மட்டும் என்றால் கூகுளின் குவிக் ஷேரும் நல்ல தேர்வு. 2023-இல் நியர்பை ஷேர் என்ற பெயரில் விண்டோஸுக்கு வந்தது, 2024 தொடக்கத்தில் சாம்சங்கினுடையதோடு சேர்த்துப் பெயரை மாற்றினார்கள். பழைய வழிமுறைக் குறிப்புகளில் பழைய பெயர் இருந்தால் குழம்பவேண்டாம்.

முல்லைக்கொடி எழுதியது:

லோக்கல்சென்ட் இரண்டிலும் போட்டுவிட்டேன். இரண்டிலும் திறந்தே இருக்கிறது. ஃபோனில் கணினியின் பெயர் வரவே இல்லை, கணினியிலும் ஃபோன் தெரியவில்லை. அரை மணி நேரமாக அதே சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே ரவுட்டர்தான்.

ஈதரலை எழுதியது:

ஒரே ரவுட்டர் என்பதும் ஒரே நெட்வொர்க் என்பதும் ஒன்றல்ல. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: ஃபோனில் வைஃபை அமைப்புக்குள் போய் இணைந்திருக்கும் நெட்வொர்க்கைத் தொட்டால் ஐபி முகவரி, அதாவது அந்த நெட்வொர்க்கில் ஃபோனுக்குக் கொடுத்திருக்கும் எண், தெரியும். கணினியிலும் நெட்வொர்க் அமைப்பில் தெரியும். இரண்டிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா?

அப்புறம், ஃபோனிலோ கணினியிலோ விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் செயலி) ஓடினால் அணைத்துவிடுங்கள். விபிஎன் போட்டதும் சில செயலிகள் உள்ளூர் நெட்வொர்க்கையே மறைத்துவிடும். விண்டோஸில் அந்த இணைப்பு 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள், பப்ளிக்கில் இருக்கும்போது ஃபயர்வால் வெளியிலிருந்து தட்டுகிறவர்களுக்குக் கதவைத் திறக்காமல் போகலாம். ஆனால் இதை உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள்.

முல்லைக்கொடி எழுதியது:

கணினி 192.168.1.10. ஃபோன் 192.168.2.37. மூன்றாவது எண் வேறு!

இப்போதுதான் பார்க்கிறேன், ஃபோன் 'கெஸ்ட்' என்று முடிகிற வைஃபையில் இருக்கிறது. புது ரவுட்டர் வைத்தபோது அதில் சேர்த்தது அப்படியே இருந்திருக்கிறது. இணையம் ஒழுங்காக வந்ததால் கவனிக்கவே இல்லை.

ஈதரலை எழுதியது:

அதேதான். கெஸ்ட் நெட்வொர்க் வைப்பதே வருகிறவர்களுக்கு இணையம் மட்டும் கொடுத்து, வீட்டுக் கருவிகளைப் பார்க்கவிடாமல் தடுக்கத்தான். அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. சில ரவுட்டர்களில் முதன்மை வைஃபையிலேயே 'ஏபி ஐசோலேஷன்' அல்லது 'கிளையன்ட் ஐசோலேஷன்' என்று ஒன்று இருக்கும், அது போடப்பட்டிருந்தால் எண்கள் ஒத்துப்போனாலும் ஒன்றுக்கொன்று தெரியாது. விடுதி, கல்லூரி, அலுவலக வைஃபைகளில் ஃபோனும் லேப்டாப்பும் பேசிக்கொள்ளாததற்கும் அனேகமாக இதுதான் காரணம்.

முல்லைக்கொடி எழுதியது:

முதன்மை வைஃபைக்கு மாற்றினேன், விண்டோஸில் பிரைவேட்டும் ஆக்கினேன். உடனே பெயர் வந்துவிட்டது! முதல் வீடியோ போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் நொடிக்கு 3 எம்பிதான் காட்டுகிறது. புளூடூத்துக்கு இது எவ்வளவோ மேல், இருந்தாலும் 41 ஜிபிக்குக் கணக்குப் போட்டால் நாலு மணி நேரம் பக்கம் வருகிறதே?

பழையகணினி எழுதியது:

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருப்பீர்கள். 5-க்கு மாறுங்கள்.

ஈதரலை எழுதியது:

பழையகணினி சொன்னதுதான், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 2.4-இல் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஒரே நெரிசலில் நிற்கின்றன, ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அங்கே மூன்றுதான். புளூடூத்தும் அதே அலைவரிசை, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைச்சல் போடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டினால் சட்டென்று இளைத்துவிடும். ஆகவே ஃபோனை ரவுட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுபோய் வையுங்கள்.

உங்கள் கணினி ரவுட்டரோடு கேபிளில் இருப்பது பெரிய வசதி. லேப்டாப்பும் ஃபோனும் இரண்டுமே ஒரே அலைவரிசையில் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு முறை பயணிக்கவேண்டும், ஃபோனிலிருந்து ரவுட்டருக்கு ஒரு தரம், அங்கிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு தரம். காற்று ஒன்றுதான், ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கவேண்டும், வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கணினியை மட்டும் கேபிளுக்கு மாற்றினாலே அந்தப் பாதி திரும்பக் கிடைக்கும். இதை நிறைய பேர் செய்து பார்ப்பதே இல்லை.

நள்ளிரவுநிரல் எழுதியது:

ரவுட்டரே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று யாராவது கேட்டால்: ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் லேப்டாப்பை இணையுங்கள். கோப்பு ரவுட்டரைச் சுற்றாமல் நேராகப் போகும், மொபைல் டேட்டா செலவாகாது. ஆனால் லேப்டாப் இணையம் கிடைத்துவிட்டது என்று நினைத்து அப்டேட் இறக்க ஆரம்பித்துவிடும், ஆகவே மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை மட்டும் வையுங்கள். விண்டோஸிலேயே 'மொபைல் ஹாட்ஸ்பாட்' போட்டு ஃபோனை அதில் இணைத்தாலும் அதே பலன். அப்படிச் செய்தால் கணினியின் முகவரி வழக்கமாக 192.168.137.1 என்று இருக்கும்.

பழையகணினி எழுதியது:

நான் இந்தப் புதுச் செயலிகள் பக்கமே போவதில்லை. ஃபோனின் ஃபைல் மேனேஜரில் எஃப்டிபி (கோப்பு பரிமாறும் பழைய முறை) சர்வரை இயக்கினால் ஒரு முகவரி காட்டும், பெரும்பாலும் கடைசியில் 2121 என்று இருக்கும். அதை விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் போட்டால் ஃபோனின் ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியே திறக்கும். இழுத்துப் போட்டால் முடிந்தது. ஃபோல்டர் அடுக்கு குலையாது, அதுதான் எனக்குப் பிடித்தது.

நள்ளிரவுநிரல் எழுதியது:

@பழையகணினி வீட்டுக்குள் சரி. ஆனால் எஃப்டிபியில் கடவுச்சொல்லும் கோப்பும் எந்த மறைப்பும் இல்லாமல் போகின்றன, அதே நெட்வொர்க்கில் இருக்கிற எவரும் படிக்கலாம். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் எஃப்டிபியைத் தூக்கியே விட்டன. பொது வைஃபையில் இதைத் திறந்துவைப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஃபோல்டர் அடுக்கு முக்கியம் என்றால் விண்டோஸின் சொந்த ஷேரிங் இருக்கிறதே. கணினியில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, ஃபோனின் ஃபைல் மேனேஜரிலிருந்து எஸ்எம்பி (விண்டோஸ் ஷேரிங் பயன்படுத்தும் முறை) வழியாக அதற்குள் போய் ஒட்டலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: ஏதாவது பழைய செயலி அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ இயக்கு என்று கேட்டால் செயலியை மாற்றுங்கள், அதை இயக்காதீர்கள். 2017-இல் வான்னாகிரை என்ற பணயத்தொகை கேட்கும் தீநிரல் பரவியது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். விண்டோஸும் அந்த ஆண்டிலிருந்தே அதைப் புதிதாக நிறுவும் கணினிகளில் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

வானவில்7 எழுதியது:

ஐஃபோனுக்கும் இதே வழியா? என்னிடம் விண்டோஸ் லேப்டாப், ஏர்டிராப் அதில் கிடையாது.

தூக்கணாங்குருவி எழுதியது:

@வானவில்7 லோக்கல்சென்ட் போதும். முதல் தடவை திறக்கும்போது உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேடலாமா என்று கேட்கும், ஐஓஎஸ் 14-இலிருந்து எல்லாச் செயலிக்கும் இந்த அனுமதி வேண்டும். யோசிக்காமல் மறுத்துவிட்டால் எதுவுமே தெரியாது, ஏன் என்றும் சொல்லாது. செட்டிங்ஸில் போய்த் திரும்ப இயக்கவேண்டும். அப்புறம் ஐஃபோனில் செயலி திரையில் இருக்கும்வரைதான் அனுப்பும், திரை அணைந்தால் நின்றுவிடும். படங்கள் ஐஃபோன் பயன்படுத்தும் எச்இஐசி வடிவத்தில் வந்து விண்டோஸில் திறக்காமல் போனால் பயப்படவேண்டாம், அதற்கான நீட்சியைப் போட்டால் திறக்கும்.

முல்லைக்கொடி எழுதியது:

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி ரவுட்டர் பக்கத்தில் வைத்தேன். நொடிக்கு 30 எம்பி! கண்ணை நம்ப முடியவில்லை. கேலரியில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அனுப்பினேன், நடுவில் ஒரு தரம் திரை அணைந்து நின்றது, திரை அணையாமல் இருக்க நேரத்தைக் கூட்டி வைத்து மீதியை அனுப்பினேன். ஃபோன் சூடானது, ஆகவே வயர்லெஸ் சார்ஜரிலிருந்து எடுத்துவிட்டு அனுப்பினேன். முழுவதும் வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

ஒரு சந்தேகம் மட்டும். கணினியில் எல்லாப் படத்துக்கும் இன்றைய தேதி காட்டுகிறது. நாலு வருடப் படங்களின் தேதி அழிந்துபோய்விட்டதா? அதற்கு பதில் தெரிந்ததும் நாளைக் காலையில் ஃபோனை ரீசெட் செய்து கொடுத்துவிடுவேன்.

ஈதரலை எழுதியது:

அழியவில்லை. நீங்கள் பார்ப்பது கோப்பு கணினியில் உருவான தேதி. படம் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மேலே உள்ள தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து 'டேட் டேக்கன்' என்ற பத்தியைச் சேர்த்து அதன்படி வரிசைப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தவற்றில் மட்டும் அந்த உள் தேதி இருக்காது, அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கி அந்தத் தகவலையும் எடுத்துவிடுகிறது. அவற்றுக்குக் கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும்.

நள்ளிரவுநிரல் எழுதியது:

முல்லைக்கொடி, தயவுசெய்து நாளை ரீசெட் செய்யாதீர்கள்! முதல் பதிவில் பாட்டியின் குரல் என்று எழுதியிருந்தீர்கள். அது எங்கே இருக்கிறது? குரல் பதிவுச் செயலியிலா, வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்திகளா? கேலரியில் தேர்ந்தெடுத்து அனுப்பினேன் என்கிறீர்கள். கேலரி படமும் வீடியோவும் மட்டும்தான் காட்டும். ஒலிக் கோப்பு ஒன்றுகூட அதில் வராது.

முல்லைக்கொடி எழுதியது:

ஐயோ. வாட்ஸ்அப் குரல் செய்திகள்தான். பாட்டிக்கு எழுத வராது, தினமும் காலையில் ஒன்று அனுப்புவார். இது எனக்குத் தோன்றவே இல்லை. கணினியில் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

நள்ளிரவுநிரல் எழுதியது:

பதறவேண்டாம், ஃபோனில்தான் இருக்கின்றன. ஃபைல் மேனேஜரைத் திறந்து உள் நினைவகத்தில் 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப் பெயரில் முடியும் ஃபோல்டர், அதற்குள் மறுபடி 'வாட்ஸ்அப்', 'மீடியா' என்று போனால் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒன்று இருக்கும். உள்ளே ஆண்டும் வார எண்ணும் சேர்ந்த பெயரில் வரிசையாக ஃபோல்டர்கள், 202231 என்றால் 2022-ஆம் ஆண்டின் 31-ஆம் வாரம். ஒவ்வொன்றிலும் ஓபஸ் என்று முடியும் ஒலிக் கோப்புகள், பெயரிலேயே எட்டு இலக்கத்தில் தேதி. எல்லோரிடமிருந்தும் வந்தவையும் நீங்கள் அனுப்பியவையும் கலந்தே கிடக்கும், யார் பேசியது என்று பெயரில் இருக்காது. ஆகவே பொறுக்கிக்கொண்டிருக்காமல் முழு ஃபோல்டரையும் எடுங்கள், பிரிப்பதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள் இருக்கும். அப்படியே அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொடக்கமும் முடிவும் உண்டு, 30 எம்பி வேகமெல்லாம் வராது. ஃபோனிலேயே அந்த ஃபோல்டரை ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்புங்கள். ஜிப்பில் இன்னொரு நன்மை, பாதியில் அறுந்திருந்தால் பிரிக்கும்போதே பிழை காட்டிவிடும். கணினியில் விஎல்சி என்ற பிளேயர் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓபஸை ஒலிக்கும்.

இந்த ஃபோல்டரை எடுத்தால் குரல் கேட்கும், ஆனால் உரையாடல் வராது. உரையாடலும் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பின் சாட் பேக்கப்பை ரீசெட்டுக்கு முன் தனியாக எடுத்துவிடுங்கள்.

தூக்கணாங்குருவி எழுதியது:

நானும் ஒன்று சொல்லவேண்டும். இதற்கு ஒத்திசைவுச் செயலி எதையாவது வைத்தால் தானாக எல்லாம் வந்துவிடுமே என்று யாராவது சொல்லக்கூடும். நல்ல கருவிகள்தான், ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். நான் மூன்று வருடத்துக்கு முன் அப்படித்தான் ஃபோனையும் கணினியையும் ஒத்திசைத்து வைத்துவிட்டு, கணினிக்கு வந்துவிட்டதே என்ற தைரியத்தில் இடம் காலியாக்க ஃபோனில் அழித்தேன். ஃபோனில் அழித்ததைக் கணினியிலும் அழித்தது. அதன் வேலையே இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல வைப்பதுதானே. அக்காவின் கல்யாண வீடியோ அதில் போனது, இன்றைக்கும் மனது ஆறவில்லை. ஒரு பக்கம் அழிப்பதற்கு முன் ஒத்திசைவைத் துண்டியுங்கள், அல்லது ஒருவழி நகல் மட்டும் எடுங்கள்.

ரீசெட்டுக்கு முன் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஃபோனில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை கோப்பு, மொத்த அளவு எவ்வளவு, கணினியில் எவ்வளவு. எண்ணிக்கை ஒத்து அளவு கொஞ்சம் மாறினால் கவலை வேண்டாம், ஒரு பக்கம் 1000-ஆல் வகுத்துக் காட்டும், இன்னொரு பக்கம் 1024-ஆல். எண்ணிக்கையே குறைந்தால் தேடவேண்டும்.

முல்லைக்கொடி எழுதியது:

எல்லாம் எடுத்துவிட்டேன். குரல் செய்திகள் மொத்தம் 3,118 கோப்புகள், ஜிப்பாக ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. பிரித்து எண்ணினேன், 3,118. கேமரா ஃபோல்டரில் ஃபோனில் 6,412, கணினியில் 6,411. ஒன்று குறைந்தது. தேதிவாரியாக ஒப்பிட்டுப் பார்த்ததில் திரை அணைந்தபோது போய்க்கொண்டிருந்த வீடியோ அது, தனியாக அனுப்பினேன். இப்போது இரண்டும் 6,412. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பையனின் தடுப்பூசி அட்டையின் பிடிஎஃப் இருந்தது, கேலரியில் வராததால் அதுவும் விடுபட்டிருந்தது, எடுத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் வெளி வன்தட்டில் இன்னொரு நகல் போட்டிருக்கிறேன். போடும்போது 5 ஜிபி வீடியோ ஒன்று மட்டும் ஏறமாட்டேன் என்றது.

பழையகணினி எழுதியது:

வன்தட்டு ஃபேட்32 வடிவத்தில் இருக்கும். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றுங்கள். மாற்றினால் தட்டில் இருப்பதெல்லாம் அழியும், ஆகவே ஏற்கெனவே அதில் இருந்ததை முதலில் கணினியில் இறக்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஃபோன் இன்னும் அழிக்கப்படாமல் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

முல்லைக்கொடி எழுதியது:

மாற்றிவிட்டேன், அந்த வீடியோவும் ஏறிவிட்டது. நள்ளிரவுநிரல், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. விஎல்சியில் முதலாவதாகத் திறந்த கோப்பு 14 நொடிதான். "சாப்பிட்டியா, பையன் எழுந்துட்டானா" என்று கேட்கிறார், பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. வார ஃபோல்டர்களாக உட்கார்ந்து பாட்டியுடையதை மட்டும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஃபோனை அடுத்த வாரம்தான் கொடுக்கப்போகிறேன்.